திருப்திதான், மேடம்

பக்கத்துக் கட்டில் காலியாகக் கிடந்தது. புது விரிப்பு. ஒரு சுருக்கம்கூட இல்லை.

மூக்கம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று மதியம் வரை அதில் பொன்மணி படுத்திருந்தாள். "கூப்பிட்டு எம்புட்டு நேரமாச்சு, ஒருத்தரும் எட்டிப் பாக்கலையே!" என்று நர்ஸிடம் எகிறினாள். சாயங்காலமே ஸ்ட்ரெச்சர் வந்தது. ஆளைக் காணோம். எங்கே என்று கேட்க மூக்கம்மாளுக்குத் துணிச்சல் வரவில்லை.

2006 தீபாவளி சீசன் சூடுபிடித்த நேரத்தில் அவளுக்கு வந்த வினை, மார்பில் புற்றுநோய். விருதுநகருக்கு வெளியே இருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டாவது முறையாக மருந்து ஏறிக்கொண்டிருந்தது. "நடுவுல நிறுத்தினா அப்புறம் காப்பாத்துறது கஷ்டம்மா" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சிவப்பு மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. ஊசி குத்திய இடம் எரிந்தது, தணலை வைத்து அழுத்தினாற்போல. மூக்கம்மாள் கையை முந்தானைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள்.

"வணக்கம்மா. நான் செல்வலட்சுமி. இங்க உங்களை எப்படிக் கவனிக்கிறாங்க, உங்களுக்குத் திருப்தியான்னு கேட்டு மார்க் போட வந்திருக்கேன்."

கையில் பேனா. கழுத்தில் அடையாள அட்டை. போதாதா? கால்மாட்டில் நின்ற புருஷன் இசக்கிப்பாண்டி விறைத்துப்போனான்.

இருவருக்கும் திருத்தங்கல் பக்கம் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை. பேனாவோடு யாராவது வந்து கேள்வி கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அங்கே போர்மேன் பாடமே நடத்துவார். எல்லாம் நல்லாருக்கு, எல்லாம் குடுக்காக. முனியசாமி ஒருத்தன்தான், கையுறை தருவதில்லை என்று ஆய்வுக்கு வந்த அதிகாரியிடம் வாயைத் திறந்தான். மறுநாள் அவனுக்குக் கேட் திறக்கவில்லை.

"நல்லாருக்குன்னு சொல்லு புள்ள," என்று இசக்கிப்பாண்டி முணுமுணுத்தான்.

"நர்ஸுங்க மரியாதையா பேசுறாங்களா? அஞ்சுக்கு எத்தனை போடலாம்?"

"அஞ்சு மேடம்."

"சாப்பாடு?"

"அஞ்சு."

"சாம்பாருமா?" செல்வலட்சுமி சிரித்துவிட்டாள். "நானும் இங்கதாம்மா சாப்பிடுறேன்!"

"சாம்பாரும் அஞ்சுதாங்க," என்றான் இசக்கிப்பாண்டி அவசரமாக.

"வலிக்குதுன்னு சொன்னா உடனே கவனிக்கிறாங்களா?"

எரிச்சல் மணிக்கட்டைத் தாண்டி மேலே ஏறியது. மூக்கம்மாளுக்கு நெற்றி வேர்த்தது. கண் தானாகக் காலிக் கட்டிலுக்குப் போனது.

"கவனிக்காக... அஞ்சு."

"ரொம்ப நன்றிம்மா." செல்வலட்சுமி திரும்பி நடந்தாள்.

மூக்கம்மாள் முந்தானையை விலக்கிப் பார்த்தாள். புறங்கை பன் மாதிரி உப்பி, கன்றிச் சிவந்திருந்தது. சொன்னால் மருந்து நின்றுவிடும். சொல்லாவிட்டால் கை போய்விடும். பல்லைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை.

"யம்மா! அந்தக் கடைசி அஞ்ச அடிச்சிருங்க!"

கையை நீட்டினாள். செல்வலட்சுமியின் முகம் வெளிறியது. "சிஸ்டர்! ஓடி வாங்க!"

நர்ஸ் பாண்டிலட்சுமி பாய்ந்து வந்து மருந்தை நிறுத்தினாள். "நரம்புக்கு வெளிய கசிஞ்சிருக்கு! ஐஸ் கொண்டாங்க, டாக்டரக் கூப்பிடுங்க! ஏன்க்கா, எரிஞ்சா சொல்லணும்னு மொதல்லயே சொன்னேன்ல? இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா சதை வெந்துபோயிருக்கும்!"

"சொன்னா... பொன்மணிய அனுப்புன மாதிரி என்னையும் அனுப்பிருவீக."

"பொன்மணியா? அவுகளுக்குக் கதிர்வீச்சு, அதான் கரண்டு வைக்கணும்னு மதுரைக்கு அனுப்பியிருக்கு. ஏசுறவுகள எல்லாம் அனுப்புனா இந்த வார்டுல எங்களத் தவிர யாரு இருப்பா?"

"அப்ப என் மருந்து?"

"டாக்டர் பாத்துட்டு இன்னொரு கையில ஏத்துவாக. உங்கள விடமாட்டோம்."

மூக்கம்மாளுக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை. பாண்டிலட்சுமி புறங்கையில் ஐஸை வைத்தாள். செல்வலட்சுமி திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"முதல்ல இருந்து கேக்கட்டுமாம்மா?"

மூக்கம்மாள் நிமிர்ந்தாள். கால்மாட்டில் இசக்கிப்பாண்டியின் உதடு, இப்போதும், 'அஞ்சு' என்று அசைந்தது.

"கேளுங்க," என்றாள். "மொதல்ல அவுகள வெளிய போகச் சொல்லுங்க."