நாலு பேருக்கு ஒரு மேசை

பேருந்துப் பணிமனையில் அவளை எல்லோரும் அட்டவணைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வண்டி எப்போது கிளம்புவது, எந்த ஓட்டுநர் எங்கே இறங்கிச் சாப்பிடுவது என்று முடிவு செய்வது அவள் வேலை. மழையோ மறியலோ, உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லா வண்டிகளையும் திருப்பிவிடுவாள். அப்படிப்பட்டவள், ஒரு தீம் பார்க்கில் தன் குடும்பம் மூன்று நாள் எங்கே சாப்பிடுவது என்பதை முடிவு செய்ய ஒரு மாதம் திணறினாள்.

காரணம் மூத்த மகள். பதினைந்து வயது, வீட்டில் சிட்டு என்பார்கள். போன வருஷம் அவள் முதலில் ராத்திரிச் சாப்பாட்டை விட்டாள். பிறகு காலையில் வயிறு சரியில்லை என்றாள். மதியம் கேட்டால் ஸ்கூலிலேயே ஆச்சு என்பாள். பரீட்சைக் கவலை என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். பள்ளி மாடிப்படியில் மயங்கி விழுந்த அன்றுதான் உறைத்தது. டாக்டரம்மா நோயின் பெயரைச் சொன்னபோது சிட்டுவின் அப்பா, ஏசி மெக்கானிக், "சாப்பிடாம இருக்கறதுக்குப் பேரு வியாதியா டாக்டர்?" என்று கேட்டார். பிறகு வெளியே வந்து வராந்தா பெஞ்சில் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரி, வீடு, மறுபடி ஆஸ்பத்திரி என்று மாதங்கள் போயின. கொஞ்சம் தேறினாள். ஏழு வயது இளையவள் வாலு, அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று தள்ளிப்போட்ட பார்க்கைப் பற்றித் தினமும் கேட்டுக்கொண்டேயிருந்தாள். டாக்டரம்மா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்.

"சாப்பாடுதான் அவளுக்கு மருந்து. வேளை தவறக் கூடாது. நாலு பேரும் ஒண்ணா உட்காரணும், பேரம் பேசக் கூடாது. ரெண்டு வேளை தவறினா, மிச்ச நாளை விட்டுட்டுத் திரும்பி வந்துடுங்க."

அன்றிலிருந்து அட்டவணைக்காரிக்கு வேறு வேலை இல்லை. பார்க்கில் இருந்த ஒவ்வொரு ரெஸ்டாரன்ட்டுக்கும் போன் போட்டாள். பஃபே கூடாது, குவித்து வைத்த சாப்பாட்டைப் பார்த்தால் சிட்டுவுக்கு மூச்சு முட்டும். கண்ணாடி பதித்த சுவர் கூடாது. பக்கத்து மேசைக்காரர் தட்டில் எட்டிப் பார்க்காத மூலை வேண்டும். சூப்பில் என்ன போடுவீர்கள், மீனைப் பொரிப்பீர்களா சுடுவீர்களா என்றெல்லாம் கேட்டதில், ஒரு ரெஸ்டாரன்ட்காரர் அவளைச் சுகாதாரத் துறை அதிகாரி என்றே நினைத்துக்கொண்டு பவ்யமாகப் பேசினார்.

"நாம ஊர் சுத்தப் போறமா, ஹோட்டல் ரெய்டுக்குப் போறமா?" என்றார் கணவர்.

அவள் சிரிக்கவில்லை. அவரும் அதற்கப்புறம் கேலி செய்யவில்லை.

முதல் நாள் காலைச் சாப்பாடு எப்படியோ நடந்தது. சிட்டு ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, ஒவ்வொன்றையும் கண்ணை மூடி விழுங்கினாள். வாலு பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொல்லி முடித்து, சொன்னதையே திரும்பச் சொல்ல ஆரம்பித்திருந்தாள். தட்டு காலியானபோது அட்டவணைக்காரியின் முதுகு வியர்வையில் நனைந்திருந்தது. மதியத்துக்கு ஏரிக்கரை ரெஸ்டாரன்ட்டில் ஜன்னலோர மேசை காத்திருந்தது.

அதற்கு முன்னால் வாலு படகுச் சவாரி கேட்டாள். இருட்டுக் குகைக்குள் போய் வரும் படகு. சிட்டு சோர்ந்துபோகக் கூடாது என்பதால் அப்பாவும் வாலுவும் மட்டும் ஏறினார்கள். சிட்டு தன் போனை அம்மா பையில் போட்டுவிட்டு வெளிப் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

போன படகு வரவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: இயந்திரக் கோளாறு, யாருக்கும் ஆபத்தில்லை, பொறுத்திருக்கவும். கணவரின் போன் குகைக்குள் கிடைக்கவில்லை. வாசலில் நின்ற ஊழியரைக் கேட்டால், "பாத்துட்டிருக்காங்க மேடம்" என்பதைத் தவிர ஒரு வார்த்தை பெயரவில்லை.

அட்டவணைக்காரி கடிகாரத்தைப் பார்த்தாள், குகை வாயைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். சிட்டுவின் உதடு வெளுத்திருந்தது.

"எழுந்திரு கண்ணு. நாம போய் மேசையப் புடிச்சி வைப்போம்."

"அப்பா வரட்டும்மா."

"வந்துடுவாங்க. நீ வா."

ஏரிக்கரை ரெஸ்டாரன்ட் வாசலில் வரிசை தெருவரை நின்றது. வரவேற்பில் இருந்த பெண் திரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நாலு பேருன்னு இருக்கே. எல்லாரும் வந்தாதான் உள்ள அனுப்புவோம்" என்றாள்.

"ரெண்டு பேர் படகுல மாட்டிக்கிட்டாங்க. நாங்க ரெண்டு பேராவது உட்காந்துக்கறோம்."

"கொஞ்ச நேரம் பாக்கறேன் மேடம். அப்புறம் அடுத்தவங்களுக்குக் குடுத்துடுவோம்."

கொஞ்ச நேரம் ஆனதும் கொடுத்துவிட்டார்கள். அவள் சிட்டுவின் கையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் ஓடாத குறையாக நடந்தாள். அடுத்த இடத்தில் மேசை இல்லை. அதற்கடுத்ததில் கல்யாண வீடு மாதிரி கூட்டம். மூன்றாவது இடம் பஃபே. கரடி வேஷம் போட்ட ஒருவர் மேசை மேசையாகப் போய்க் கைகுலுக்கிக்கொண்டிருந்தார். வாசலிலேயே சிட்டுவின் கால் நின்றுவிட்டது.

"பரவால்லம்மா. எனக்குப் பசிக்கல."

அந்தச் சொற்களைக் கேட்டுக் கேட்டுத்தான் அட்டவணைக்காரி ஒரு வருஷமாகத் தூக்கத்தை இழந்திருந்தாள். மகளை இழுத்துக்கொண்டு ஏரிக்கரைக்கே திரும்பினாள். வரிசையைப் பிளந்துகொண்டு முன்னால் போனாள். பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். அவள் காதில் எதுவும் விழவில்லை.

"ஒரே ஒரு மேசை குடும்மா. மூலையில ஒரு நாற்காலி போட்டாக்கூடப் போதும். நான் நின்னுக்கறேன்."

"எல்லாரும் காத்துட்டுதான் மேடம் இருக்காங்க."

"அவங்கெல்லாம் அப்புறம் சாப்பிடுவாங்க. என் பொண்ணு சாப்பிடமாட்டா. அது ஒரு வியாதி. இப்ப விட்டா அவ திரும்பச் சாப்பிடவேமாட்டா. செத்துப்போயிடுவாம்மா."

குரல் எவ்வளவு உயர்ந்துவிட்டது என்பது, வரிசை மொத்தமும் அமைதியான பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. எல்லோர் கண்ணும் சிட்டுவின் மணிக்கட்டுக்கும் கன்னத்துக்கும் போய் வந்தது. வரவேற்புப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, "மேனேஜரைக் கேக்கறேன்" என்று உள்ளே போனாள்.

அட்டவணைக்காரி திரும்பியபோது சிட்டு அங்கே இல்லை.

முதலில் தூணுக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு கழிப்பறை, ஒவ்வொரு கதவாகத் தட்டி, "சிட்டு, அம்மாடி, கதவத் திற" என்று கெஞ்சினாள். உள்ளேயிருந்து வேறு யார் யாரோ பதில் சொன்னார்கள். ஏரிக் கம்பி வேலிவரை ஓடி, குனிந்து தண்ணீரைப் பார்த்தாள். ஏன் பார்த்தோம் என்று நினைக்கவே பயமாக இருந்தது. போன் செய்யலாம் என்று நம்பரை அழுத்தினால் அவள் பைக்குள்ளேயே மணி அடித்தது. தகவல் கவுன்ட்டரில் என்ன நிறச் சட்டை என்று கேட்டார்கள். காலையில் தானே எடுத்துக் கொடுத்த சட்டையின் நிறம் அவளுக்கு நினைவுக்கு வரவில்லை. அந்த மேசைமேலேயே தலையைச் சாய்த்து அழுதாள்.

அப்போது கணவர் கூப்பிட்டார். "நாங்க வெளிய வந்துட்டோம். நீ எங்க இருக்க?"

"சிட்டுவக் காணோங்க. நான் தொலைச்சிட்டேன்."

"காணோமா? இங்கதான இருக்கா. வாலு அவ மடியிலதான் உட்காந்திருக்கா."

அவள் போனபோது படகு வாசல் நடைமேடையில் மூவரும் தரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். வாலு அழுது முடித்து விக்கிக்கொண்டிருந்தாள். சிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அவளுக்கு இருட்டுன்னா பயம். வெளிய வர்றப்ப யாராவது நிக்கணும்ல" என்றாள். "நீ பாட்டுக்கு மேசை மேசைன்னு ஓடற."

அட்டவணைக்காரி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எல்லார் முன்னாடியும் சொல்லிட்ட" என்றாள் சிட்டு.

"சொல்லிட்டேன்."

"செத்துப்போயிடுவான்னு சொன்ன."

"பயந்துட்டேன்டி. வேற ஒண்ணும் தோணல."

அப்பா எதிர்த் தள்ளுவண்டியிலிருந்து பன்னும் பாலும் வாங்கி வந்தார். வாலு தின்றாள். சிட்டு தன் பங்கைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் அது பிசைந்த உருண்டையாகிப் போனது. அந்த வேளை தவறிவிட்டது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு அட்டவணைக்காரி உள்ளதைச் சொன்னாள். "ஒரு வேளை போச்சு. அடுத்ததைப் பாருங்க" என்றார் அவர்.

சாயங்காலம் சிட்டு, "நீ புக் பண்ணின எடத்துக்கு நான் வரல" என்றாள். ஒரு மாதம் போன் போட்டுப் பிடித்த மேசை. அட்டவணைக்காரி வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு ரத்து செய்தாள். சிட்டு தேர்ந்தெடுத்தது பார்க் வாசலுக்கு வெளியே, வேலை முடிந்த ஊழியர்கள் சாப்பிடும் ஒரு சின்னக் கடை. வழுக்கும் பிளாஸ்டிக் மேசை, சத்தமில்லாமல் ஓடும் டிவி. சிட்டு சூப்பும் சாதமும் மீனும் சொன்னாள்.

"தட்டப் பாக்காதம்மா."

"பாக்கல."

"பாக்கற."

அட்டவணைக்காரி நாற்காலியைத் திருப்பிப் போட்டு டிவியைப் பார்த்தாள். எங்கோ மழை பெய்யும் என்று படம் போட்டுக் காட்டினார்கள். முதுகுக்குப் பின்னால் கரண்டிச் சத்தம் கேட்கும், நிற்கும், மூக்கை உறிஞ்சும் ஒலி வரும், மறுபடி கரண்டிச் சத்தம். திரும்பிப் பார்க்காமல் இருப்பதற்கு அவள் இரண்டு கையாலும் நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கடைக்காரர் மற்ற மேசைகளைத் துடைத்து முடித்த பிறகு சிட்டு போதும் என்றாள். பாதிக்கு மேல் சாப்பிட்டிருந்தாள். கணவர் எட்டி மனைவியின் கையைத் தொட்டார்.

ஆனால் மறுநாள் காலை முடியவில்லை. விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் ரொட்டியின் முன்னால் சிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு துண்டை உதடுவரை கொண்டுபோவாள், இறக்குவாள். வாலு சொல்லும் கதைகூட நின்றுவிட்டது. பணியாளர்கள் மேசை விரிப்புகளை மடிக்க ஆரம்பித்ததும் அப்பா எழுந்தார்.

"கிளம்பலாம்" என்றார்.

வாலு அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். யானை ஊர்வலம் பார்க்கவில்லை, ராட்டினத்தில் ஏறவில்லை, எல்லாம் அக்காவால் என்றாள். சிட்டு அதைக் கேட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அம்மா டாக்டரம்மாவின் நம்பரைத் தேடியபோது கையை நீட்டினாள்.

"குடு. நான் பேசறேன்."

அட்டவணைக்காரி துணி மடிப்பதுபோல் நின்றாள். மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினாள்.

"நேத்து மத்தியானம் சாப்பிடல டாக்டர். ராத்திரி சாப்பிட்டேன், முழுசா இல்ல. இன்னிக்கி வாய்க்குள்ளயே போகல." கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்குப் பயமா இருக்கு. நான் அங்க வந்துடறேன்."

இதுவரை பசிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறாள், வயிறு சரியில்லை என்று சொல்லியிருக்கிறாள். பயம் என்று யாரிடமும் சொன்னதில்லை.

அன்று மாலையே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இந்த முறை எத்தனை நாள் என்று டாக்டரம்மா சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. வார்டில் சாப்பாட்டுத் தட்டு வந்தது. நர்ஸ், வீட்டு ஆள் ஒருவர் கூட இருக்கலாம் என்றார். அப்பா தூங்கிவிட்ட வாலுவைத் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். அட்டவணைக்காரி நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள்.

"திருப்ப வேணாம்" என்றாள் சிட்டு. "நீ நேத்து மத்தியானத்துலேர்ந்து என்ன சாப்பிட்ட?"

அட்டவணைக்காரி யோசித்துப் பார்த்தாள், எதுவும் நினைவில் இல்லை. சிட்டு நர்ஸிடம் இன்னொரு தட்டு கேட்டாள். குழைந்த சாதம், உப்பில்லாத காய். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முதல் கவளத்தை எடுத்தார்கள். மெதுவாகத்தான் உள்ளே இறங்கியது.