தேனீ உட்கார்ந்த கார்

பெண் பார்க்கச் சிலிம் ரிவர் ஊருக்குக் கிளம்ப வேண்டிய காரின் பக்கக் கண்ணாடியில் தேனீக்கள் பலாப்பழம் அளவுக்குக் கொத்தாகத் தொங்கின. குனோங் ராபாட் பகுதியில் அந்த வரிசை வீடுகளே வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போயின.

"சகுனமே சரியில்லடா. இந்தப் பொண்ணு வேணாம்," என்றாள் மங்களம் அத்தை. "அவளுக்கு வாயும் நீளமாம்."

"யாரு சொன்னா?" என்றான் மாப்பிள்ளை சுகுமாரன்.

"மாமாகிட்ட யாரோ சொன்னாங்களாம்."

யாரோ சொன்னதைக் கேட்டே முப்பத்தெட்டு வயதுச் சுகுமாரனுக்கு மூன்று சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. ஒருத்தியையும் அவன் பார்த்ததில்லை. இந்த நவமணியோடு மட்டும் போனில் இரண்டு நிமிடம் பேசியிருந்தான். அவள் சிரித்த சிரிப்புக்காகவே அவளை நேரில் பார்க்க ஆசையாக இருந்தது.

உள்ளே பேச்சு நீண்டது. அவன் வாளியைக் கவிழ்த்துப் போட்டுக் காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ராணி ஈ எங்க போகுதோ, மத்ததெல்லாம் பின்னாலயே போயிரும்," என்றார் வாசலில் நின்ற மாமா.

கைப்பேசியில் தேடினால் கதையே வேறு. சில வேலைக்கார ஈக்கள்தான் கூடு கட்டப் புது இடம் பார்த்துவிட்டு வந்து, அது இருக்கும் திசையைக் கொத்தின் மேல் ஆடிக் காட்டுமாம். அதைப் பார்த்த இன்னொன்று உடனே தலையாட்டிவிடாது; தானும் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் ஆடும். ராணியை யாரும் கேட்பதே இல்லை.

சுகுமாரன் பயத்தை மறந்து குனிந்து பார்த்தான். முதலில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து ஆடியது. பதினொரு மணி வாக்கில் எல்லாம் ஒரே சாய்வில் ஆடின. திடீரென்று கொத்து முழுவதும் கலைந்து எழுந்து, தலைக்கு மேல் சுற்றியது. அந்தக் கூட்டத்தின் நடுவே சில ஈக்கள் மட்டும் வீடுகளுக்குப் பின்னால் இருந்த சுண்ணாம்புக்கல் குன்றைப் பார்த்து விர்ரென்று பாய்ந்தன. மற்றவை அந்தப் பக்கமே திரும்பின. வழி தெரிந்தவை கொஞ்சம்தான், ஆனால் போனது மொத்தமும்.

அத்தை வெளியே வந்தாள். "பேசி முடிச்சாச்சு. வேணாம்னு சொல்லிரலாம்."

"அத்தை, நம்மள்ல யாராச்சும் அவளப் பாத்திருக்கமா?"

 

சுகுமாரன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்தான்.

"எங்கடா போற?"

"பாத்துட்டு வாரேன்."

முதல் சமிக்ஞை விளக்கில் நின்றபோது அவன் பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். பின்னால் மாமா ஓட்டிவந்த அதே கார் நின்றது. முன் இருக்கையில் அத்தை, மடியில் பழத்தட்டு.