ஒன்றும் வராத பரண்

பிராண்டே என்ற ஊரில் என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்பவர்களைப் பார்த்து நானும் வேட்டை அனுமதி எடுத்தேன். மதியச் சாப்பாட்டு மேசையில் அவர்கள் வேட்டையைத் தவிர வேறெதுவும் கதைப்பதில்லை. எத்தனை வருடம்தான் வாயை மூடிக்கொண்டு பாணைக் கடிப்பது?

நான் சேர்ந்த வேட்டைக் குழு குத்தகைக்கு எடுத்த காட்டில், யாரோ கைவிட்டுப்போன மூன்று பரண்கள் மரங்களில் இருந்தன. இரண்டு உக்கிவிட்டன. மூன்றாவது பாசி பிடித்திருந்தாலும் உறுதியாக நின்றது.

“முன்பு அதில் வேட்டைக்கு ஏறிய கிழவர் இருபது வருடம் ஒன்றும் சுடவில்லை. அந்தப் பக்கம் மான் வராது” என்றார் காட்டுச் சொந்தக்காரர். புதிதாய்ச் சேர்ந்தவனுக்கு வேறென்ன கிடைக்கும்? இருக்கைப் பலகை ஆடியது. நாலு ஆணி அடித்து இறுக்கினேன்.

முதல் விடியலிலேயே மான் வந்தது. மான் இறைச்சிக் கறி என்றால் எனக்கு உயிர், அதை மறைக்கவில்லை. ஆனால் உயர்த்திய துப்பாக்கி தானாக இறங்கிவிட்டது. அடுத்த முறையும் அப்படித்தான். சுட மனம் வரவில்லை என்று அந்த மேசையில் சொல்ல வெட்கமாக இருந்தது. கேட்டவர்களிடம் “ஒன்றும் வரவில்லை” என்றேன்.

மூன்று வருடம் இதே பொய். கடைசியில் அது என் தலையிலேயே விழுந்தது. ஒன்றும் வராத இடத்தில் பரண் எதற்கு, கழற்றிவிடுவோம் என்று குழு முடிவெடுத்தது. அந்தக் காலைகளுக்காகத்தான் நான் கிழமை முழுதும் காத்திருப்பேன். உண்மையைச் சொன்னால் பரண் தப்பும். ஆனால் சுட மனமுள்ள ஒருவன் அதில் ஏறுவான்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை குழுத்தலைவர் பிரீபென் கீழே ஏணியைப் பிடிக்க, நான் மேலே ஏறி ஆணிகளைப் பிடுங்கிப் பலகையைத் திருப்பினேன். அடிப்பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து. திகதி, நேரம். ‘பெண் மான், குட்டியோடு.’ ‘ஆண் மான், நொண்டுகிறது.’ இருபது வருட விடியல்கள். கிழவர் எல்லாரையும் ஏமாற்றியிருக்கிறார்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“அங்கே ஏதாவது இருக்கிறதா?” என்று பிரீபென் கீழிருந்து கேட்டார்.

“ஒன்றும் இல்லை.”

பலகையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி கஜந்தி இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

“மூண்டு வருசமாப் பனிக்குள்ள போய்க் குந்தியிருந்து கொண்டுவந்தது இந்தப் பலகையோ?”

“ஓம்.”

“அதில என்ன எழுதிக் கிடக்கு?”

“சொல்லுறன். முதல்ல ஒரு பென்சில் தாரும். நான் கண்ட மானுகளை இன்னும் எழுதேல்லை.”