நாலாவது கழிப்பறை

பெரிய டீச்சரின் பள்ளிக்கூடத்தில் கழிப்பறைக்குப் பஞ்சமில்லை. வெளிநாட்டு நிறுவனங்கள் மூன்று, ஆளுக்கொன்று கட்டிக் கொடுத்திருந்தன. ஒன்று நீலம், ஒன்று பச்சை, இன்னொன்று மஞ்சள். பிள்ளைகள் நாளுக்கொரு நிறமாகப் போய் வந்தார்கள். பள்ளி நெடுஞ்சாலையை ஒட்டி இருந்ததுதான் இத்தனைக்கும் காரணம். உதவ வருகிறவர்களின் வண்டி அலுங்காமல் வந்து வாசலில் நிற்கும். முதலில் வந்தவர்கள் இங்கே வேலை நன்றாக நடக்கிறது என்று எழுதி வைக்க, அதைப் படித்துவிட்டு அடுத்தவர்களும் இங்கேயே வந்தார்கள்.

பெரிய டீச்சரின் கணவரும் தலைமையாசிரியர்தான். ஆனால் அவர் பள்ளி இருந்தது குன்றுக்கு அந்தப் பக்கம், குண்டும் குழியுமான பாதையின் கடைசியில். பிள்ளைகள் இரண்டு மடங்கு. கழிப்பறை ஒன்றுகூடக் கிடையாது. பையன்கள் புதர் தேடிப் போவார்கள். பெரிய வகுப்புப் பெண்கள் மதியம் வீட்டுக்குப் போனால் போனதுதான். சாப்பிட உட்காரும்போதெல்லாம் கணவர் சீண்டுவார். ஒரு வகுப்புக்கு ஒன்று வீதம் ஆகும்வரை நிறுத்தமாட்டாய்போல என்பார். பெரிய டீச்சர் சிரித்து மழுப்புவார். உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருக்கும்.

அப்போதுதான் நாலாவதாக ஒரு நிறுவனம் அவர் பள்ளியைத் தேர்ந்தெடுத்தது. பணம் ஒதுக்கியாகிவிட்டது, இடம் பார்க்க ஒரு அம்மா வருகிறார் என்று கல்வி அலுவலகத்தில் சொன்னார்கள். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், வருகிறதை எட்டி உதைத்தால் அப்புறம் ஒருத்தரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள் என்று அதிகாரி எச்சரித்தார். பெரிய டீச்சர் தலையாட்டிவிட்டு வந்தார்.

வந்த வெளிநாட்டம்மா நல்ல மனுஷி. ஊர்ப் பேச்சைத் தட்டுத் தடுமாறிக் கற்றிருந்தார். மூன்று நிறங்களையும் பார்த்தபோது அவருக்கே முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நாலாவதுக்கு விளையாட்டுத் திடல்தான் மிச்சம். இதைவிட நல்ல இடம் ஒன்று இருக்கிறது, வந்து பாருங்கள் என்று பெரிய டீச்சர் அவர் வண்டியிலேயே ஏறிக்கொண்டு, டிரைவருக்குக் குன்றுப் பாதையைக் காட்டினார்.

சொல்லாமல் கொள்ளாமல் மனைவி விருந்தாளியோடு வந்து இறங்கியதில் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. டீ கொடுத்தார். எலுமிச்சைச் சாறு கொடுத்தார். வகுப்பு வகுப்பாகச் சுற்றிக் காட்டிவிட்டு மறுபடியும் டீ கொடுத்தார். விருந்தாளிக்கோ வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் அவர் பெரிய டீச்சரின் காதோரம் குனிந்து, கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார்.

அது கணவர் காதிலும் விழுந்தது. ஊற்ற எடுத்த டீயை அப்படியே கீழே வைத்தார்.

"இங்க இல்லைங்கம்மா," என்றார் பெரிய டீச்சர். "அதைக் காட்டத்தான் உங்களைக் கூட்டிட்டு வந்தேன்."

பள்ளிக்குக் கீழே ஒரு தையல்காரம்மாவின் வீடு. அவர் மட்டும் மனமிரங்கிப் பெண்பிள்ளைகளைத் தன் கழிப்பறைக்கு விடுவார். போனால் அங்கே ஏற்கெனவே வரிசை. பிள்ளைகள் வழிவிட்டார்கள், வெளிநாட்டம்மா ஒப்புக்கொள்ளாமல் கடைசியில் போய் நின்றார். பள்ளி மணி அடித்தது. வரிசை பாதிகூட நகரவில்லை. வகுப்புக்கு நேரமாகவில்லையா என்று முன்னால் நின்றவளைக் கேட்டார்.

"பாதிப் பாடம் போயிடும். அதுக்குப் பதிலா அப்படியே வீட்டுக்குப் போயிடுவேன்," என்றாள் அவள், சர்வசாதாரணமாக.

இடத்தை மாற்றுவது லேசில் முடியவில்லை. ஒரு பள்ளிக்கு ஒதுக்கிய பணத்தை இன்னொன்றுக்குத் தர வழியில்லை என்று வெளிநாட்டம்மாவின் மேலிடம் கையை விரித்தது. அதே பள்ளியின் கிளை என்றால் பரவாயில்லையாம். வெளிநாட்டம்மா கல்வி அதிகாரியை விடாமல் துளைத்தெடுத்து, வேலை முடியும்வரை கணவரின் பள்ளியை மனைவியின் பள்ளிக்குக் கிளையாக்கினார்.

"அப்ப நான் உனக்குக் கீழயா?" என்றார் கணவர்.

"வீட்டுல எப்படியோ அப்படித்தான். புதுசா என்ன?"

முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். ஆனால் கட்டட வரைபடம் வந்தபோது அவர் பிடித்த பிடியை விடவில்லை. பளபளப்பான டைல்ஸ் இருந்தது, தண்ணீருக்கு வழியில்லை. தண்ணீர் இல்லாவிட்டால் அது வெறும் நாலு சுவர், ஓர் அறையைக் குறைத்துவிட்டுப் பம்ப் போடுங்கள் என்றார். பெண்பிள்ளைகள் கேட்டது ஒன்றே ஒன்று: உள்ளே உறுதியான தாழ்ப்பாள். வெளிநாட்டம்மா தன் ஆட்களோடு மல்லுக்கட்டி இரண்டையும் வாங்கிக் கொடுத்தார்.

திறந்த மறுவாரமே கணவர் போன் செய்தார். மதியம் ஒருத்தியும் வீட்டுக்குப் போகவில்லையாம்; பெரிய வகுப்பில் உட்கார இடமில்லாமல் பாதிப் பேர் தரையில் இருக்கிறார்களாம். புகார் சொல்கிற குரலில்தான் சொன்னார், ஆனால் வாயெல்லாம் பல் என்பது இங்கேயே தெரிந்தது.

பெரிய டீச்சர் எழுந்து போய், எந்த வகுப்பில் பெஞ்சு மிச்சமிருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார்.