மூன்று பன்னிரண்டு முதல் மூன்று பதின்மூன்று வரை

1

இந்தக் கதை என்னுடையதல்ல. என் வீட்டு வைஃபையைச் சரிபார்க்க வந்தவன், ஸ்டூல் மேல் நின்றபடி சொன்னது. "எழுதுங்க, பேரு மட்டும் வேணாம்" என்றான். ஆகவே அவன் அளப்பவன்.

2

முதல் தொடக்கம்: காற்றுக்கு ஏது அளவு என்று கேட்பவர்களுக்கு... (வேண்டாம். பாடம் நடத்துகிறேன்.)

இரண்டாவது: தன் அப்பா படுத்திருந்த மருத்துவமனையிலேயே அளப்பவனுக்கு அன்று வேலை. வைஃபையில் எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்று மாடி மாடியாகப் பார்க்க வேண்டும். சின்னத் தகவல் பொட்டலங்களை இடைவெளி விட்டு அனுப்பி, அவை தாமதமாவதை வைத்துக் கணக்கிடலாம். அரை மணி ஆகும். மொத்தமாகக் கொட்டி, எவ்வளவு கொள்கிறது என்றும் பார்க்கலாம், ஒரே நிமிடம். அந்த நிமிடத்தில் மற்றவர்களுக்கு எதுவும் மிஞ்சாது.*

சீக்கிரம் முடித்து அப்பாவிடம் போகத்தான் கொட்டினான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

* குடத்தில் எவ்வளவு காலி என்று பார்க்க, குடத்தையே நிரப்பிவிடுவது மாதிரி.

3

அளந்து முடித்து அவன் போனபோது, அப்பாவின் அறையில் அக்கா போனைப் பிடித்தபடி நின்றாள். திரையில், தூரதேசத்து அண்ணனின் முகம் வாய் திறந்தபடி உறைந்திருந்தது. அப்பாவுக்கும் அவருக்கும் எட்டு வருஷமாகப் பேச்சில்லை.

"'அப்பா, என்னை'ன்னு ஆரம்பிச்சாருடா. அதோட நின்னுபோச்சு. அப்பா பாத்துக்கிட்டே இருந்தாரு, அப்புறம் கண்ண மூடிட்டாரு."

திறக்கவில்லை.

இங்கே உறைந்தது தெரியாமல், அண்ணன் அங்கே முழுவதையும் பேசி முடித்திருந்தார். அப்பா கேட்டுவிட்டு, பதில் சொல்லாமலே போனார் என்று நம்புகிறார். நெட் போய்விட்டது என்று அக்கா சொன்னதை ஆறுதல் பேச்சாக எடுத்துக்கொண்டார். அளப்பவனின் அறிக்கையில் நெட் நின்ற நேரம் பதிவாகியிருக்கிறது. கூடவே அளந்தவன் பெயரும்.

(இங்கே அவன் அழுதான் என்று எழுதி அடித்தேன். அவன் ரவுட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.)

4

முடிவு அ: அறிக்கையை அனுப்புகிறான். அண்ணனுக்கு அப்பா திரும்பக் கிடைக்கிறார், தம்பி...

முடிவு ஆ: அழித்துவிடுகிறான். (எழுத மனம் வரவில்லை.)

ஸ்டூலிலிருந்து இறங்கியவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "எங்க அண்ணன் உங்க கதையெல்லாம் விடாம படிப்பாரு."

எனவே ஒரே ஒரு வாசகருக்கு: மூன்று பன்னிரண்டிலிருந்து மூன்று பதின்மூன்று வரை அந்த மாடியில் எதுவும் போகவில்லை, ஐயா. நீங்கள் பேசியது உங்கள் அப்பாவுக்குக் கேட்கவே இல்லை. கேட்பதற்காகத்தான் பார்த்துக்கொண்டே இருந்தார்.

தம்பியைக் கூப்பிடுவீர்களா, மாட்டீர்களா? அதை என்னால் எழுத முடியாது.