கிளச்சுக்கு ஒரு கால்

மனிதன் நாலு காலில் நடப்பதை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். பின்னாளில் ஒரு காலைக் கிளச்சுக்கென்று தனியாக ஒதுக்க வேண்டியிருந்தது.

அலிப்பூரில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் கேன்டீனில், தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டே சௌந்தரராஜன் இதைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அவர் சிரிக்கவில்லை. சௌந்தரராஜன் வேடிக்கைக்காகப் பேசுகிறவர் அல்லர். கியர் மாற்றத் தெரியாத சமூகம் உருப்படாது என்பது அவருடைய தீர்க்கமான முடிவு. இந்த விஷயத்தில் அவர் காட்டிய அக்கறையை ஃபைல்களிலும் காட்டியிருந்தால் இந்நேரம் டைரக்டராகியிருப்பார் என்று மேஜையில் பாதிப் பேருக்கு அபிப்பிராயம் உண்டு.

அவருடைய இலக்கு எதிரே உட்கார்ந்திருந்த வெங்கட்ராமன். அக்கவுண்ட்ஸ் பிரிவு. ஆட்டோமேட்டிக் கார் வைத்திருந்தார். அது போதாதென்று, ஓட்டும்போது வேலையில்லாத இடது காலை மடித்து சீட்டின் மேல் போட்டுக்கொள்ளும் பழக்கமும் வைத்திருந்தார்.

"ஓய், காலம்பற ஹாஜ்ரா சிக்னல்ல உம்மைப் பார்த்தேன். வண்டி ஓட்டினீரா, இல்லை பந்தியில உக்காந்திருந்தீரா?"

"பந்திதான் ஓய்" என்றார் வெங்கட்ராமன். "சாம்பார் ஆயிடுத்து. ரசம் வரலையேன்னு பார்த்துண்டிருந்தேன்."

"அது கார் இல்லை ஓய், லிஃப்ட். பட்டனை அமுக்கிட்டு வாயைப் பொளந்துண்டு நிக்க வேண்டியதுதான்."

"லிஃப்டாவே இருந்துட்டுப் போகட்டும். பூஜை லீவு முடிஞ்சதும் நான் ரிடையர் ஆயி, வண்டியை வித்துட்டு ஸ்ரீரங்கம் போயிடுவேன். யாருக்காவது லிஃப்ட் வேணும்னா சொல்லும்."

மேஜை சிரித்தது. சௌந்தரராஜன் மோரைக் குடித்துவிட்டு, இந்த நாட்டின் எதிர்காலத்தைப் பற்றிய கவலையுடன் கை கழுவப் போனார்.

இந்த இடத்தில் ஒரு சின்ன உண்மையையும் சொல்லிவிடுவது நல்லது. சௌந்தரராஜனிடம் இருந்த கருநீலக் கார், ஐந்து கியர் கொண்டது, பதினோரு வருஷம் பழையது. அதை அவர் ஓட்டியது ஞாயிற்றுக்கிழமைகளில். பவானிபூர் வீட்டிலிருந்து லேக் மார்க்கெட் போய், முருங்கைக்காயும் காப்பிப் பொடியும் வாங்கிக்கொண்டு திரும்புவதற்கு. மற்ற நாட்களில் அவர் ஷேர் ஆட்டோவில்தான் ஆபீஸ் போவார். காரை எடுத்துக்கொண்டு மேம்பாலம் ஏறி, பைபாஸ் பிடித்து, சிங்ரிகட்டா நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்ந்து சால்ட் லேக் போனது அவர் மனைவி வைதேகி. செக்டர் ஃபைவில் ஒரு மென்பொருள் கம்பெனியில் அவளுக்கு வேலை. ஆக, அந்த வீட்டில் தத்துவம் அவருடையது, கிளச் அவளுடையது.

ஆடி மாத மழையில் பவானிபூர் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்ற ஒரு சாயங்காலம், வைதேகி காரை நிறுத்திவிட்டு இறங்கி நடந்தாள். தண்ணீருக்கு அடியில் சாக்கடை மூடி ஒன்று இல்லாமல் இருந்தது. இடது கணுக்காலில் தகடு வைத்து ஸ்க்ரூ முடுக்கினார்கள். கட்டுப் பிரித்ததும் டாக்டர், "நடக்கலாம், படி ஏறலாம். கிளச் மட்டும் கூடாது. ஆட்டோமேட்டிக் வாங்கிடுங்க" என்றார். மதம் மாறிவிடுங்கள் என்று சொன்னதைப் போல சௌந்தரராஜன் அவரைப் பார்த்தார்.

"எதுக்கு?" என்றார் வெளியே வந்து. "நான் எதுக்கு இருக்கேன்? நானே தினம் கொண்டு விட்டுட்டு, நானே கூட்டிண்டு வரேன்."

வைதேகி சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு படி இறங்கினாள். "முடியுமா உங்களுக்கு?"

"என்னடி கேள்வி இது."

முடியவில்லை. முதல் வாரம் உற்சாகமாகப் போயிற்று. இரண்டாவது வாரம் சிங்ரிகட்டாவில் அவருடைய இடது தொடை தனக்கென்று ஒரு அபிப்பிராயம் வைத்திருப்பது தெரியவந்தது. காலையில் அவளை விட்டுவிட்டு அலிப்பூர் திரும்பினால் ஆபீஸுக்கு லேட். சாயங்காலம் அவளைக் கூட்டிவரப் போனால், அவள் வாசலில் நின்று நின்று கால் வீங்கிக் காத்திருப்பாள். இரவு சாப்பாட்டில் இருவரும் பேசிக்கொள்வதில்லை. கோபம் ஒன்றும் இல்லை, வாயைத் திறக்கத் தெம்பில்லை. அவர் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொள்வார். அவள் கணுக்காலுக்கு ஐஸ் வைத்துக்கொள்வாள். டி.வி. தானாக ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் ஐஸ் பையை எடுக்காமலே வைதேகி சொன்னாள்: "ஆபீஸ்ல கேக்கறா. நேரத்துக்கு வர முடியுமா, முடியாதான்னு பூஜைக்குள்ள சொல்லணுமாம். கேப்ல போய்ப் பார்த்தேன், பாதி நாள் கேன்சல் பண்ணிடறான். நானே ஓட்டிண்டு போனாதான் சரிப்படும். இல்லேன்னா வேலைய விட்டுடறேன்."

"விடறதா? எதுக்கு விடணும்?"

"அப்போ வண்டியை மாத்துங்கோ."

சௌந்தரராஜன் தைல பாட்டிலை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். "பார்க்கலாம்" என்றார். அவர் பார்க்கலாம் என்றால் பார்க்கப்போவதில்லை என்று அர்த்தம் என்பது கல்யாணமான முதல் வருஷத்திலேயே வைதேகிக்குத் தெரியும்.

ஆனால் இந்தத் தடவை அவர் பார்த்தார். மறுநாள் சிக்னலில் பக்கத்தில் வந்து நின்ற டிரைவிங் ஸ்கூல் காரை. கற்றுக்கொடுக்கிறவர் இடது பக்க சீட்டில் உட்கார்ந்திருக்க, அவர் காலடியிலும் ஒரு கிளச் இருந்தது. பையன் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் திணற, வாத்தியார் பாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தார்.

பெரிய யோசனைகள் எல்லாம் இப்படித்தான் சிக்னலில் வருகின்றன.

தெருவுக்கே அண்ணனான மெக்கானிக் ஷம்பு-தா முதலில் நம்பவில்லை. புரிந்ததும் தன் கடையில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டு, சௌந்தரராஜனை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு ஏதோ பழைய டிரைவிங் ஸ்கூல் வண்டியிலிருந்து பெடலைக் கழற்றி வந்து மாட்டிவிட்டார். "தாதா, பிரேக்கும் போட்டுடட்டுமா?" என்று இந்தியில் கேட்டார். சௌந்தரராஜனுக்கு அது அவமானமாகப் பட்டது. "பிரேக் எதுக்கு? என் பெண்டாட்டி மேல எனக்கு நம்பிக்கை இருக்கு" என்றார்.

வைதேகி காரின் கதவைத் திறந்து, இடது பக்கம் புதிதாக முளைத்திருந்ததைப் பார்த்தாள்.

"என்னன்னா இது?"

"நீ ஓட்டு. கியர் நீயே போடு. நான் பக்கத்துல உக்காந்து கிளச் மிதிக்கறேன். உன் காலுக்கு வேலையே இல்லை."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நான் அங்கேர்ந்து பஸ்ஸைப் பிடிச்சு ஆபீஸ் போயிடுவேன். சாயங்காலம் பஸ்ல வந்து உன்கூடத் திரும்பி வருவேன்."

"ஒரு கார் ஓட்ட ரெண்டு பேரா?"

"கல்யாணத்துல ஏழடி சேர்ந்து நடந்தோமோல்லியோ? இது எட்டாவது."

வைதேகிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வந்த களைப்பில் அது பாதி வழியில் நின்றுவிட்டது. சாவியை வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்து ஓரம் ஒத்திகை. அவள் "கிளச்" என்பாள், அவர் மிதிப்பார். அவள் கியரைப் போட்டு "ம்" என்பாள், அவர் மெல்ல விடுவார். நாலைந்து குலுங்கல்களுக்குப் பிறகு வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. ஆட்டோமேட்டிக் கண்டுபிடித்தவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்காது என்று சௌந்தரராஜன் அறிவித்தார். "நாளாவட்டத்துல நீ வாயைத் திறக்கவே வேண்டாம். எனக்கே தெரியும். இத்தனை வருஷம் உன்கூடக் குடித்தனம் பண்ணியிருக்கேன்."

திங்கட்கிழமை மேம்பாலத்து ஏற்றத்தில் வண்டிகள் ஒட்டிக்கொண்டு நின்றன. புழுக்கம். ஏ.சி. போட்டால் ஏற்றத்தில் என்ஜின் திணறும் என்று கண்ணாடியை இறக்கியிருந்தார்கள். முன்னால் இருந்த வண்டி நகர்ந்தது. "கிளச்" என்றாள் வைதேகி. கியரைப் போட்டாள். "ம்." கொஞ்சம் நகர்ந்தது. நின்றது. "கிளச். ம்." நின்றது. "கிளச். ம்." தாலாட்டைப் போல ஒரே மாதிரி வந்துகொண்டிருந்தது அவள் குரல்.

அது தாலாட்டாகவே வேலை செய்துவிட்டது. வாரக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த களைப்பு மொத்தமும் சௌந்தரராஜன் மேல் ஏறி உட்கார்ந்தது. தலை கதவில் சாய்ந்தது. வாய் திறந்துகொண்டது. கால் பெடலிலிருந்து நழுவியது. கார் ஒரு தடவை குதித்து, இருமி, ஏற்றத்தின் நடுவில் செத்துப் போயிற்று.

வைதேகி பிரேக்கை அழுத்திக்கொண்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். "ஏன்னா. கிளச்." பதில் இல்லை. "ஏன்னா!"

பின்னால் இருந்து ஹாரன்கள். நேர் பின்னால் நின்ற மஞ்சள் டாக்ஸியின் கிழட்டு டிரைவர் கழுத்தை வெளியே நீட்டி எட்டிப் பார்த்தார். நிலைமை புரிந்தது.

"ஓ பௌதி!" என்று கத்தினார். "தாதாகே ஜாகாவ்!"

அண்ணனை எழுப்பு, அண்ணி என்ற இந்தக் கோரிக்கையை அடுத்த வண்டியும் எடுத்துக்கொண்டது, அதற்கடுத்ததும். மேம்பாலமே சேர்ந்து அண்ணனை எழுப்பிற்று.

சௌந்தரராஜன் திடுக்கிட்டு விழித்து, காலியான தரையைப் படபடவென்று மிதித்தார். "மிதிச்சுண்டுதான் இருக்கேன், மிதிச்சுண்டுதான் இருக்கேன்!"

வைதேகி தன் இடது காலைத் தூக்கித் தன் பக்கத்துக் கிளச்சில் வைத்து அழுத்தினாள். முகம் சுருங்கியது. வண்டியைக் கிளப்பி, பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றத்தைக் கடந்து, பாலம் இறங்கியதும் ஓரமாக நிறுத்தினாள். கால் நடுங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம் கண்ணசந்துட்டேன்" என்றார் அவர்.

"பதினோரு வருஷமா இந்த ஏத்தத்துல நான் ஒரு நாளும் கண்ணசரலை."

அவள் குரலில் சண்டை இல்லை. சண்டையாக இருந்திருந்தால் அவருக்குச் சமாளிக்கத் தெரியும்.

"ஆத்துல நீங்க கூப்பிட்டுண்டே இருப்பேள். ஃபோன்ல ஊர்லேர்ந்து அம்மா. ஆபீஸ்ல எல்லாரும். காலம்பற இந்த முக்கால் மணி நேரந்தான் என்னை யாரும் கூப்பிடாம இருந்தது. கண்ணாடியை ஏத்திண்டு நான் பாட்டுக்குப் போவேன். இப்போ அதுக்குள்ளயும் நீங்க ஒரு பெடலை மாட்டிண்டு வந்து உக்காந்துட்டேள்." கைகளைக் காலிலிருந்து எடுத்து ஸ்டீயரிங்கில் வைத்தாள். "வேலைய விட்டுடறேன். உங்க கார் உங்ககிட்டயே இருக்கட்டும்."

சௌந்தரராஜனிடம் மனித குலத்தைப் பற்றி நிறைய கருத்துகள் இருந்தன. அதில் ஒன்றுகூட இந்தக் காருக்குள் செல்லுபடியாகவில்லை. பதினோரு வருஷமாக இந்தக் கார் யாருடைய கணக்கில் சேர்த்தி என்று அவர் யோசித்ததே இல்லை. "உங்க கார்" என்று அவள் சொன்னது, திருடின பொருளைக் கையில் திருப்பிக் கொடுத்ததைப் போல இருந்தது. குனிந்து தன் காலடியில் இருந்த பெடலைப் பார்த்தார். அதன் ரப்பர் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. யார் யாரோ மிதித்தது. அவள் பக்கத்துப் பெடலையும் எட்டிப் பார்த்தார். அதில் ரப்பரே இல்லை. வெறும் இரும்பு பளபளவென்றிருந்தது.

அன்றைக்குக் கேன்டீனில் சௌந்தரராஜன் பேசவில்லை. தயிர் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். உடம்பு சரியில்லையோ என்று விசாரித்தார்கள்.

மூன்று மணி வாக்கில், எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்த சமயம், சௌந்தரராஜன் வெங்கட்ராமனின் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஓய்."

"சொல்லும்."

"அந்த... இது. வித்தாச்சா?"

வெங்கட்ராமன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். அந்தச் சில விநாடிகளில் எத்தனையோ சொல்லியிருக்கலாம். மனுஷர் உள்ளுக்குள் அனுபவித்திருப்பார் என்பதில் சந்தேகமில்லை.

"பந்தியில ஒரு இலை காலியாத்தான் இருக்கு. உக்காரும்" என்றார்.

"கேன்டீன்ல சொல்லாதேயும்."

"நான் எதுக்கு ஓய் சொல்லணும். நீரே நாலு பேருக்கு முன்னால ஓட்டிண்டு வரப்போறீர்."

"நான் ஓட்ட மாட்டேன். அவளுக்கு. நான் ஷேர் ஆட்டோதான்."

"அப்போ இன்னும் நல்லது" என்றார் வெங்கட்ராமன். கிண்டல் இல்லாமல்தான் சொன்னார்.

கருநீலக் காரை விற்பதில் சிரமமே இருக்கவில்லை. பெடல் ஏற்கெனவே மாட்டியிருந்ததால் காளிகாட் பக்கத்து டிரைவிங் ஸ்கூல்காரர் ஒருவர் பார்த்த உடனே எடுத்துக்கொண்டார். பிரேக் மட்டும் மாட்டினால் போதும் என்றார். சௌந்தரராஜன் பின் சீட்டிலிருந்து குடையையும், டாஷ்போர்டிலிருந்து பெருமாளையும் எடுத்துக்கொண்டு இறங்கினார். திரும்பிப் பார்க்கக்கூடாது என்று நினைத்து, பார்த்தார்.

மறு திங்கட்கிழமை வைதேகி வெங்கட்ராமனிடம் வாங்கிய வெள்ளைக் காரில் தனியாகக் கிளம்பினாள். வேலையைப் பற்றி ஆபீஸில் என்ன சொன்னாள் என்று அவர் கேட்கவில்லை. அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்ட விதத்திலேயே தெரிந்தது. சாயங்காலம் அவர் பால்கனியில் நின்றிருந்தபோது கார் வந்து தெருவோரம் நின்றது. விளக்கு அணைந்தது. அவள் உடனே இறங்கவில்லை. தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். காப்பி டிகாக்ஷன் இறங்கியிருந்தது, ஆறிக்கொண்டுமிருந்தது. "வைதேகி" என்று கூப்பிட வாயெடுத்தார். கூப்பிடவில்லை. உள்ளே போய்ப் பாலை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும், டயருக்குக் காற்று அடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் சாவியை எடுத்தார். ஹாஜ்ரா முனையில் பூஜைப் பந்தலுக்கு நட்ட மூங்கில் பாதித் தெருவை அடைத்திருந்தது. வண்டிகள் ஊர்ந்து, நின்று, ஊர்ந்தன. அவருடைய இடது கால் பழக்கத்தில் போய்ப் போய்க் காலித் தரையை மிதித்தது. ஒவ்வொரு தடவையும் அங்கே ஒன்றும் இல்லை.

பக்கத்து வரிசையில் எல் போர்டு மாட்டிய ஒரு கருநீலக் கார் வந்து சேர்ந்தது. ஸ்டீயரிங்கைக் கட்டிப் பிடித்தபடி ஒரு பெண். கார் ஒரு தடவை குதித்து, இருமி, நின்றது. பின்னால் ஹாரன்கள். "கிளச், கிளச்" என்று உள்ளே யாரோ கத்துவது கேட்டது.

சௌந்தரராஜன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆபீஸ்காரர் யாராவது தென்படுகிறார்களா என்று மட்டும் ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, இடது காலை மெல்ல மடித்து சீட்டின் மேல் போட்டுக்கொண்டார்.