பின்னால் உட்கார்ந்திருந்தவன்

பேப்பரில் மூன்று வரியில் வந்திருந்தது. பைக் கவிழ்ந்து வாலிபர் பலி. வாலிபர் என்ற சொல்லை எங்கள் வீட்டில் சர்ச் அறிவிப்பில் மட்டும்தான் கேட்டிருக்கிறோம். என் தம்பி மெல்வினை யாரும் அப்படிச் சொன்னதில்லை. ராஜபாளையத்தில் அவன் வேலை பார்த்த பேண்டேஜ் துணி கம்பெனியில் சூப்பர்வைசருக்கு அவன் பொடியன். கூட வேலை பார்த்தவர்களுக்கு மாப்ள. நான் ஏலே என்று கூப்பிடுவேன். அம்மாவுக்கு எய்யா. அந்தச் சொல்லை அம்மா வேறு யாருக்கும் கொடுத்ததில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திரும்பும்போது, வன்னியம்பட்டி விலக்குக்குப் பக்கத்தில் அவனையும் வண்டியையும் கண்டெடுத்தார்கள். அவனே வேகமாக ஓட்டி விழுந்து இறந்ததாகப் போலீஸ் எழுதியது. மெல்வினுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பள்ளிக்கூட நாளில் ஒருமுறை கண்மாய்க் கரையில் விழுந்த பிறகு ஹேண்டிலைத் தொட்டதே இல்லை. எங்கே போனாலும் பின்சீட்டில், பையை மடியில் வைத்துக்கொண்டுதான் போவான்.

இதை நான் விசாரணை அதிகாரியிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. "எந்தப் பையன்மா இந்தக் காலத்துல வண்டி ஓட்டத் தெரியாம இருக்கான்?" என்றார்.

கம்பெனியில் போய் வண்டி யாருடையது என்று கேட்டேன். பசங்க வண்டி என்றார்கள். அதை வாங்கியவன் திருப்பூருக்குப் போய் நாளாகிவிட்டது. சாவி கம்பெனி வாசலில் ஆணியில் தொங்கும், எவனுக்கு வேண்டுமோ அவன் எடுப்பான். அன்றைக்கு யாரோடு போனான்? பசங்களோடு. எந்தப் பசங்க? நம்ம பசங்கதான் அக்கா. தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். வழக்கமாக அடியில் வரிசையாகப் படங்களும் பேர்களும் இருக்கும். இதில் 'நம்ம பசங்க' என்று மட்டும் இருந்தது. எனக்கு அது உறுத்தியது. ஒரு பேரும் வெளியே வராதபடி எல்லாரும் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது போலிருந்தது.

இதற்கிடையே துக்கம் கேட்க வந்தவர்கள் அம்மாவிடமே, இந்தக் காலத்துப் பயலுக எங்கே சொல் கேக்குறானுவ, என்ன வேகம், என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பாள். தன் கொழுப்பில் செத்தான் என்பதுதான் அவனைப் பற்றி ஊரில் மிஞ்சும் பேச்சு என்று எனக்குத் தெரிந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவன் சட்டைப்பையில் பால்கோவா கடைச் சீட்டு இருந்தது. அந்தக் கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்த வெங்கடேஸ்வரி என்ற அம்மா படத்தைப் பார்த்ததும் அடையாளம் சொன்னார். இந்தப் பொடியன்தான் உள்ளே வந்தது, அம்மாவுக்கு என்று கேட்டு வாங்கியது. இன்னொரு தம்பி வண்டியை விட்டு இறங்காமல் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

அந்தத் தம்பி பார்க்க எப்படி என்றேன்.

"எல்லாப் பயலும் ஒரே மாதிரி தாடி வச்சுக்கிட்டுத் திரியுதான். நான் எவனைன்னு கண்டேன்?"

அதன் பிறகு தாடி எடுத்தவனை எல்லாம் சந்தேகப்பட்டேன். கல்லறைக்கு வந்தவனையும் சந்தேகப்பட்டேன், வராதவனையும் சந்தேகப்பட்டேன். கடைசியில் என் கண் வல்லரசு மேல் வந்து நின்றது.

வல்லரசு மெல்வினோடு கம்பெனியில் தறி ஓட்டியவன். அடக்கத்துக்கு மறுநாளிலிருந்து தினமும் வந்துகொண்டிருந்தான். வாடகை நாற்காலிகளைத் திருப்பிக் கொடுத்தான், ரேஷன் வாங்கி வந்தான், அம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிப் போனான். தங்கமான பையன் என்று தெருவே சொன்னது. எனக்கு அவனுடைய சட்டைதான் கண்ணில் பட்டது. சித்திரை வெயிலில் முழுக்கை, மணிக்கட்டில் பட்டன் போட்டு. கேஸ் சிலிண்டரை உருட்டி உள்ளே வைக்கச் சொன்னேன். வலக்கையாலேயே உருட்டினான், இடக்கை உடம்போடு ஒட்டியே இருந்தது. அம்மாவிடம் சொன்னால் ஏட்டி, வாய மூடு என்பாள். அவளுக்கு அவன் முதலில் தம்பியாக இருந்தான். கொஞ்ச நாளில் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்த மதியம், அவனுக்குச் சோறு போட்டாள். இலையைத் திருப்ப அவன் இடக்கையை நீட்டினான். சட்டைக்கை குழம்பில் தோய்ந்தது.

"எய்யா, கைய மடிச்சு விட்டுட்டுச் சாப்பிடு" என்றாள்.

நான் அடுப்படி வாசலில் நின்றிருந்தேன். அந்தச் சொல் மெல்வினுடையது. அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். பிறகு பட்டனைக் கழற்றி, மெதுவாக மடித்துவிட்டான். முழங்கை வரை பேண்டேஜ் சுற்றியிருந்தது, அவர்கள் கம்பெனித் துணி.

"நான்தாம்மா ஓட்டுனேன்" என்றான். "நாய் குறுக்க வந்துருச்சு."

நான்தான் கேட்டேன், அப்போது அவனுக்கு உயிர் இருந்ததா என்று.

"இருந்துச்சுக்கா. வல்லரசு, வல்லரசுன்னு ரெண்டு வாட்டி கூப்பிட்டான். பயந்து ஓடிட்டேன்."

எல்லாரும் பசங்க என்று மட்டும் சொன்ன இடத்தில், ஒரு பேரைச் சொன்னவன் என் தம்பி மட்டும்தான்.

அம்மா குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "ஏட்டி, அந்தப் பையனுக்குக் கை கழுவத் தண்ணி குடு" என்றாள். அதற்குப் பிறகு அவனை எய்யா என்று அவள் கூப்பிடவில்லை.

மறுநாள் மூவரும் பஸ் ஏறினோம். அவன் பின்சீட்டில் தனியாக உட்கார்ந்து வந்தான். வழியில் ஓடிவிடுவான் என்று நினைத்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் திரும்பிப் பார்த்தேன். அவன் இறங்கவில்லை.

ஸ்டேஷனில் அதே அதிகாரி நிமிர்ந்து, இந்தப் பையன் யாரு என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அம்மா சொன்னாள்.

"பேரு வல்லரசு. வண்டி ஓட்டுனது அவன்தான். அவன் வாயாலயே கேளுங்க."

அவன் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை, ஓடியதைக்கூட. அதிகாரி எழுதி முடித்து வாசித்தார். அம்மா எழுந்து, மெல்வின் வரும் இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னாள்.

"பின்னால் அமர்ந்து வந்த மெல்வின்" என்று வாசித்தார்.

இன்னொரு வாட்டி, என்றாள் அம்மா.